குமரிக் காற்றில் கூடாரம் நிற்க எந்த முளை?

கூடாரம் வாங்குகிறவர்கள் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள், ஜிப்பை இழுத்துப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்கிறார்கள். பைக்குள் சிறு கட்டாகக் கிடக்கும் முளைகளை எடுத்துப் பார்ப்பவர் அரிது. நானும் பார்க்கவில்லை. முட்டம் கடற்கரைக்குப் பக்கத்தில் நான் போட்ட முதல் கூடாரம் நள்ளிரவுக்கு மேல் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. பென்சிலைவிட மெல்லிய எட்டுக் கம்பி முளைகள் அதனுடன் வந்திருந்தன. காற்றுப் பக்கத்தில் ஒன்று பிடுங்கிக்கொண்டது. அதன் சுமை அடுத்த முளைக்குப் போக, அதுவும் வந்துவிட்டது. கயிற்றின் நுனியில் சாட்டை போலச் சுழன்ற அந்த முளை என் தம்பியின் காதோரத்தைக் கீறிவிட்டுப் போனது. இரண்டு விரல் தள்ளியிருந்தால் கண். அந்த இரவுக்குப் பிறகுதான் முளைகளைப் பற்றி உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். புதிதாகக் கூடாரம் போடப் போகிறவர்களுக்காக அதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முளை என்றுதான் எழுதப்போகிறேன். மாடு கட்ட வீட்டு முற்றத்தில் அடிக்கிறோமே, அதே முளை. வேலையும் அதேதான்: பக்கவாட்டில் இழுப்பவனை மண்ணை நம்பி நிறுத்துவது.

முதல் படி: குதிகாலால் மண்ணைக் கேளுங்கள்

கூடாரத்தை விரிக்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதியுங்கள். கால் புதைந்து மணல் சரிந்து மூடினால் தளர்ந்த மணல். ஓர் அங்குலம் பதிந்து குழி அப்படியே நின்றால் வயல் மண் அல்லது தோட்ட மண். தடமே விழாமல் குதிகால் வலித்தால் சரளை, வெட்டுக்கல் (செம்மண் நிறத்தில் இறுகிய லேட்டரைட் கல்) அல்லது பாறை. குமரி மாவட்டத்தின் சிறப்பே இந்த மூன்றும் ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் கிடைப்பதுதான். சொத்தவிளையில் மணல், நாஞ்சில் நாட்டு வயல்களில் களிமண் கலந்த வண்டல், தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் போகிற வழியெல்லாம் செம்மண்ணும் வெட்டுக்கல்லும். ஒரே முளையை எடுத்துக்கொண்டு மூன்றுக்கும் போகலாம் என்று நினைப்பதுதான் தொடக்கக்காரர்களின் பெரிய தவறு.

இரண்டாம் படி: காற்றைக் கணக்கில் எடுங்கள்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று, நேராக மோதும் ஒரு சதுர மீட்டர் துணியை ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 72 கிலோமீட்டரில் அது 24 கிலோ. சிறிய கூடாரத்தின் ஒரு பக்கம் 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஐம்பது கிலோவுக்கு நெருக்கமான சுமையை இரண்டு மூன்று முளைகள் பங்கிட்டுத் தாங்க வேண்டும். அதுவும் ஒரே சீராக வருவதில்லை. வெட்டி வெட்டி இழுக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு நுழைந்து வேகம் பிடிக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அதுதான் காரணம். அந்த மாதங்களில் கணவாயின் வாயில் கூடாரம் போடுவதைத் தொடக்கக்காரர்கள் தவிர்த்துவிடலாம். மற்ற மாதங்களில் கடற்கரையில் வேறொரு சிக்கல் உண்டு. பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று, இரவில் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பிவிடும். மாலையில் கடற்பக்கத்து முளைகளை மட்டும் ஆழமாக அடித்துவிட்டுத் தூங்கினால், விடியற்காலையில் அடி வாங்குவது முதுகுப் பக்கம். எனவே நான்கு பக்கமும் ஒரே அக்கறையோடு அடியுங்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் எப்போது ஓயும், வாடை எப்போது எழும் என்று கரையில் வலை பொத்துகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

புயல் எச்சரிக்கை இருந்தால் எந்த முளையும் உதவாது. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் இந்த மாவட்டத்தில் ரப்பர் மரங்களையும் வாழைகளையும் வேரோடு சாய்த்தது. வேர்விட்ட மரமே நிற்காத இடத்தில் ஒரு சாண் அலுமினியம் என்ன செய்யும்?

மூன்றாம் படி: மண்ணுக்கு ஏற்ற முளையைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஒரு விதியை மனத்தில் வையுங்கள். மண் தளர்ந்திருக்க இருக்க முளை அகலமாகவும் நீளமாகவும் வேண்டும். மண் இறுக இறுக மெல்லியதாகவும் உறுதியாகவும் வேண்டும். முளையைப் பிடித்து நிறுத்துவது அதன் முன்னால் இருக்கும் மண். தளர்ந்த மண்ணில் நிறைய மண்ணை முட்டுக்கொடுக்க வைத்தால்தான் சுமை தாங்கும். அதற்குத்தான் அகலம்.

மணலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கே பெரும்பாலானோர் தோற்பது அங்கேதான். கூடாரத்துடன் வரும் 15 முதல் 18 சென்டிமீட்டர் கம்பி முளை உலர்ந்த மணலில் எதற்கும் ஆகாது. மணலுக்கென்று விற்கும் முளைகள் தகட்டை வளைத்துச் செய்தவை. 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல், மூன்று விரல் அகலத்தில், துளைகளோடு இருக்கும். அது கிடைக்காவிட்டால் வெல்டிங் பட்டறையில் 25 மில்லிமீட்டர் இரும்பு ஆங்கிளை (L வடிவப் பட்டை) 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனைக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளையம் பற்றவைத்துத் தரச் சொல்லுங்கள். ஒன்று அரை கிலோ இருக்கும். முதுகில் சுமந்து போகிறவர்களுக்குச் சரிவராது. வண்டியில் போகிறவர்களுக்கு இதைவிட நம்பகமானது எனக்குத் தெரியாது. ஆங்கிளின் இரண்டு இறக்கைகளும் சமமாக இழுப்பை வாங்கும்படி அடிக்க வேண்டும். ஓரம் திரும்பிவிட்டால் மணலைக் கத்தி போல அறுத்துக்கொண்டு வந்துவிடும்.

ஆனால் மணலில் மிகச் சிறந்த முளை அடிக்கும் முளையே அல்ல, புதைக்கும் முளை. எங்கள் கூடாரம் விழுந்த மறுநாள் காலை, கரமடி வலையைக் கரையிலிருந்து இழுக்க வந்த ஒரு பெரியவர் எங்கள் கம்பிகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மக்களே, மணலில் குத்தினால் நிற்காது, புதைக்க வேண்டும்" என்றார். பக்கத்தில் கிடந்த தென்னை மட்டையின் அடிப்பகுதியை இரண்டு சாண் நீளத்துக்கு வெட்டி, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, இழுப்புக்குக் குறுக்காகப் படுக்க வைத்து மூடி மிதித்தார். நானும் தம்பியும் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை.

இதை நீங்கள் செய்யும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். குழியின் கூடாரப் பக்கச் சுவர் இடியாமல் செங்குத்தாக இருக்க வேண்டும். மட்டை அந்தச் சுவரோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். கயிறு மேலே வருவதற்கு அந்தச் சுவரில் சரிவாக ஒரு சிறு வாய்க்கால் கீறுங்கள். இல்லாவிட்டால் கயிறு செங்குத்தாக இழுத்து மட்டையை மேலே தூக்கும். மூடும்போது ஒரு கை மண், ஒரு மிதி என்று அடுக்கடுக்காக மூடுங்கள். மட்டை இல்லாவிட்டால் ஒரு துணிப்பையில் மணலை நிரப்பிப் புதைக்கலாம். ஐந்து லிட்டர் பையில் ஏறத்தாழ 8 கிலோ மணல் பிடிக்கும். தரையின்மேல் வைத்தால் அது வெறும் 8 கிலோ. புதைத்தால் மேலும் முன்னும் இருக்கும் மணல் முழுவதும் சேர்ந்து தாங்குகிறது. மணவாளக்குறிச்சிப் பக்கத்தில் கருமணல் கனமாக இருப்பதைப் பார்த்து அங்கே கம்பி முளை போதும் என்று எண்ணிவிடாதீர்கள். உலர்ந்தால் அதுவும் சரிந்தோடும்.

கடற்கரையில் இடம் பார்க்கும்போது அடும்பங்கொடி படர்ந்திருக்கும் மேட்டுக்குப் பின்னால் போங்கள். அலை வழக்கமாக எட்டாத இடத்தில்தான் அது நன்றாகப் படரும். கொடியைப் பிடுங்காதீர்கள், மணலைக் கட்டி வைத்திருப்பதே அதன் வேர்தான். கள்ளக்கடல் என்று இங்கே சொல்வார்கள்: தொலைவில், தெற்கே பெருங்கடலில் வீசிய புயலால் எழுந்த அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும். அதற்கான எச்சரிக்கை வந்திருந்தால் அன்று கடற்கரையே வேண்டாம்.

வயல் மண் எளிது. அறுப்பு முடிந்த வயலில் நில உடைமையாளரிடம் கேட்டுக்கொண்டு போடலாம். குறுக்குவெட்டில் மூன்று இறக்கை உள்ள அலுமினிய முளை, 20 சென்டிமீட்டருக்கு மேல், போதுமானது. காய்ந்த களிமண்ணில் வெடிப்பின் ஓரமாக அடிக்காதீர்கள், பாளத்தோடு பெயர்ந்து வரும். இரவில் மழை பெய்து மண் ஊறினால் பிடி குறைந்துவிடும் என்பதால் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெட்டுக்கல் வேறு வகை. ஈரமாக இருக்கும்போது கோடரியால் செதுக்கலாம். காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். அதனால்தான் வீடு கட்ட வெட்டியெடுக்கிறார்கள். இதில் அலுமினியம் வளையும், பிளாஸ்டிக் உடையும். இரும்புதான் சரி. கம்பிக் கடையில் 8 மில்லிமீட்டர் கம்பியை 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, தலையைக் கொக்கி போல வளைத்து வாங்கினால் ஒன்று 100 கிராம்தான் இருக்கும். கல்லில் முட்டி நின்றால் மேலும் அடித்து மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு சாண் தள்ளி வேறு இடம் பாருங்கள்.

பாறையில் முளையே கிடையாது. ஒரு சிறிய கல்லில் கயிற்றைக் கட்டி, அதற்கு முன்னால், அதாவது கூடாரத்தின் பக்கமாக, தூக்க முடிந்த மட்டும் பெரிய கல்லை வையுங்கள். கயிறு பெரிய கல்லின் அடியில் வரட்டும். இழுக்கும்போது சிறிய கல் பெரியதில் முட்டி நின்றுவிடும். சிதறால் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள குன்றுகளில் இதையும் செய்யக் கூடாது. காட்டுப் பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரப் பையையே அவிழ்க்கக் கூடாது.

ரப்பர் தோட்டத்தில் மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். அந்தப் பட்டைதான் தோட்டக்காரரின் வருமானம். தென்னை மரத்தடியும் வேண்டாம். தேங்காயும் மட்டையும் சொல்லிக்கொண்டு விழுவதில்லை.

நான்காம் படி: அடிப்பதும் கட்டுவதும்

கூடாரத்திலிருந்து வெளிப்புறமாகத் தலை சாயும்படி முளையைக் கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள். கயிறும் முளையும் ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்தித்தால் போதும். இறுகிய மண்ணில் நேராக அடித்தாலும் பிடிக்கும். கூடாரத்தின் பக்கம் சாய்த்து அடித்தால் எங்கும் பிடிக்காது. அடிப்பதற்கு மரக் கொட்டாப்புளி அல்லது ரப்பர் சுத்தியல் நல்லது. கையில் கிடைத்த கல்லால் அடித்தால் முளையின் தலை நசுங்கும், சில நேரம் விரலும்.

முளை முழுவதும் இறங்காமல் நான்கு விரல் வெளியே நின்றால் கயிற்றைத் தலையில் கட்டாதீர்கள். தரையோடு ஒட்டிக் கட்டுங்கள். உயரத்தில் கட்டினால் கயிறே நெம்புகோலாகி முளையைப் பெயர்த்துவிடும். கயிற்றை நீளமாக விடுங்கள். குறுகிய கயிறு முளையை மேல்நோக்கித் தூக்கும், நீண்ட கயிறு பக்கவாட்டில் இழுக்கும். கயிறு தரையோடு 45 பாகைக்கு மேல் நிமிராமல் பார்த்துக்கொண்டால் நல்லது. நைலான் கயிறு பனியில் நனைந்தால் தளரும், தூங்கப்போகும் முன் ஒருமுறை இறுக்குங்கள். புதைக்கும் மட்டைக்கு நான் தேங்காய்நார்க் கயிற்றைத்தான் பயன்படுத்துகிறேன். உப்பு நீரைத் தாங்குகிறது, முடிச்சும் வழுக்குவதில்லை.

ஒரு முளை போதாது என்று தோன்றினால் அதற்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி, அதே நேர்கோட்டில் இன்னொன்று அடியுங்கள். முதல் முளையின் தலையிலிருந்து இரண்டாவதன் அடிக்கு ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். முன்னது சாயப் பார்க்கும்போது பின்னது பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: இழுத்துப் பாருங்கள்

இதைச் செய்யாமல் யாரும் உள்ளே போய்ப் படுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒவ்வொரு கயிற்றையும் இரண்டு கைகளாலும் பிடித்து, அது போகும் அதே கோணத்தில், உடல் எடையைச் சாய்த்து இழுங்கள். முகம் முளைக்கு நேராக இருக்க வேண்டாம்; பிடுங்கினால் உங்கள் மேல்தான் வரும். கண் முளையின் அடியில் இருக்கட்டும். முன்னால் மண் புடைத்து, பின்னால் ஒரு விரல் அளவுக்கு இடைவெளி விட்டால் அது தோற்றுவிட்ட முளை. அதே குழியில் திரும்ப அடித்துப் பயனில்லை. இடம் மாற்றுங்கள், அல்லது புதையுங்கள். பிறகு ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு வெள்ளைத் துணித்துண்டைக் கட்டிவிடுங்கள். விடியும் முன் வெறுங்காலோடு வலைக்குப் போகிறவர்கள் நடக்கும் கரை அது.

காலையில் கழற்றும்போது கூடாரக் கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள், துணி கிழியும். முளையின் தலையில் தனிக் கயிற்றுக் கண்ணி போட்டு, இடவலமாக அசைத்து, இறங்கிய சாய்விலேயே மேலே இழுங்கள். புதைத்த மட்டையைத் தோண்டி எடுத்துக் குழியை மூடுங்கள். கடற்கரையில் பயன்படுத்திய இரும்பு முளைகளை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். கிளம்பும் முன் எண்ணுங்கள். பத்து கொண்டு போயிருந்து ஒன்பது இருந்தால், பத்தாவது மணலுக்குள் கூர் மேலே பார்த்துக் கிடக்கிறது. அது கிடைக்கும்வரை அங்கேயே தேடுங்கள்.