ட்ரென்டனில் மூன்று நிமிடம்: பள்ளி நிதிக்காகப் பேசப் போகும் பெற்றோருக்கு

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஈஎஸ்எல் டீச்சர் இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் வருவார், மீதி இரண்டு நாள் வேறு பள்ளிக்குப் போவார் என்று எழுதியிருந்தார்கள். காரணம் ஒரே வரி: மாநில உதவித்தொகை குறைந்துவிட்டது. அந்தக் கடிதத்தோடுதான் நியூ ஜெர்சியின் தலைநகரான ட்ரென்டனுக்கு, பட்ஜெட் பற்றி மாநில சட்டமன்றம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் பட்ஜெட் ஹியரிங்கில் முதன்முதலாகப் பேசப் போனேன். அப்போது விசாவில் இருந்தேன். குடியுரிமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. ஓட்டுரிமை இல்லையே என்று தயங்காதீர்கள், பிள்ளை படிப்பது இங்கேதானே.

நியூ ஜெர்சியில் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கும், ஜூன் 30-க்குள் பட்ஜெட் நிறைவேற வேண்டும். ஜூனில் விழித்தால் காலம் கடந்துவிடும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ கவர்னர் பட்ஜெட் உரை நிகழ்த்துவார். அடுத்த இரண்டு நாளில் ஒவ்வொரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கும் (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) எவ்வளவு மாநில உதவி என்ற பட்டியல் வந்துவிடும். உங்கள் ஊரின் தொகையைப் போன வருடத் தொகையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் குறைந்தது என்று புரிந்துகொண்டு போவது நல்லது. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு செலவு என்று ஓர் அடிப்படைத் தொகை உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அதில் உங்கள் ஊரால் எவ்வளவு தர முடியும் என்று கணக்கிட்டுக் கழிப்பார்கள். ஊரில் வீட்டு விலை ஏறினால் ஊர் பணக்கார ஊராகக் கணக்காகி, மாநிலத்தின் பங்கு குறையும். ஊரோ, சில விலக்குகள் தவிர, பள்ளிக்கான சொத்து வரியை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. இந்த இடைவெளியில்தான் டீச்சர்கள் வேலை இழக்கிறார்கள்.

மாநில சட்டமன்றத்தின் இரு அவைகளான செனட், அசெம்பிளி இரண்டின் பட்ஜெட் கமிட்டிகளும் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். சட்டமன்ற இணையதளத்தில் தேதி வந்ததுமே பெயரைப் பதிவு செய்யுங்கள். போக முடியாவிட்டால் எழுதி அனுப்பலாம்.

பேச வழக்கமாக மூன்று நிமிடம்தான். நான் சமையலறையில் போனில் டைமர் வைத்துப் படித்துப் பார்த்தேன். முதல் தடவை ஐந்தரை நிமிடம் ஆனது. அரசுக்கு நன்றி, கல்வியின் பெருமை எல்லாவற்றையும் வெட்டினேன். மிஞ்சியவை: பெயர், ஊர், டீச்சர் வராத அந்த இரண்டு நாளில் என் மகள் வகுப்பில் என்ன செய்கிறாள், எவ்வளவு தொகை குறைக்கப்பட்டது, எனக்கு என்ன வேண்டும். இந்தக் கடைசியைத்தான் பலர் சொல்லாமல் எழுந்துவிடுகிறார்கள். “பள்ளிகளுக்கு நிதி கொடுங்கள்” என்றால் கமிட்டி உறுப்பினர் எதைக் குறித்துக்கொள்வார்? “குறைத்த தொகையை இந்த பட்ஜெட்டிலேயே எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குத் திருப்பித் தாருங்கள்” என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நெவார்க், கேம்டன் போன்ற ஏழை ஊர்களுக்குப் போகும் பணத்தைப் பிடுங்கி எங்களுக்குத் தாருங்கள் என்று பேசாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் வசதியான ஊர்ப் பிள்ளைகளுக்கு நிகராகச் செலவிட வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1990-ல், ஏழை ஊர்ப் பள்ளிகளின் நிதி பற்றிய ஆபட் வழக்கில் சொன்னது, பல வருடம் போராடிப் பெற்ற தீர்ப்பு அது.

பேசிவிட்டு வந்த வாரமே உங்கள் செனட்டருக்கும் இரண்டு அசெம்பிளி உறுப்பினர்களுக்கும் அதே தாளை அனுப்பி, அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ உள்ளூர் ஸ்கூல் போர்டு நடத்தும் பட்ஜெட் கூட்டத்துக்கும் போங்கள். வந்த பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவாகும் இடம் அதுதான்.

அடுத்த வருடம் எங்கள் டீச்சர் நான்கு நாள் வந்தார். ஐந்தாவது நாளுக்காக மார்ச்சில் மறுபடி பெயர் கொடுத்தேன்.