போர்டு போச்சு என்று சொல்வதற்கு முன்

போன வாரம் எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்த ஒரு மெக்கானிக் பையன், பையிலிருந்து வாஷிங் மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். "அண்ணே, முந்தாநாள்தான் மாட்டினேன். ரெண்டே ரெண்டு வாஷ். போச்சு. கம்பெனியில சொல்லி மாத்தித் தர முடியுமா?" ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூட இன்னும் மங்கவில்லை.

"தண்ணி விடுற வால்வை மீட்டர் வச்சு அளந்தியா?" என்றேன். பேசாமல் நின்றான்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் வேறொரு கடை மேசைக்கு முன்னால் பேசாமல் நின்றேன். அதனால்தான், போர்டு ரிப்பேரில் நாம் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். பிளக்கைப் பிடுங்காமல் கை வைப்பது, போட்டோ எடுக்காமல் ஒயர்களைக் கழற்றுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை அடி வாங்கினால் அதெல்லாம் தானாக வந்துவிடும்.

எரர் கோட் வந்ததும் அதைக் கெட்டுப்போன பாகத்தின் பெயராகப் படிப்பது

எல்ஜி மெஷினின் டிஸ்ப்ளேயில் 'ஐ-ஈ' (IE) என்று எரர் கோட் வந்தால், குறித்த நேரத்துக்குள் தண்ணீர் மட்டம் ஏறவில்லை என்று பொருள். வால்வு கெட்டது என்றோ போர்டு கெட்டது என்றோ அது சொல்லவில்லை. பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும். அதாவது டேங்கின் தண்ணீர் மட்டத்துக்கும் மெஷினுக்கும் சுமார் 3 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். மொட்டை மாடி அறையில், டேங்குக்குப் பக்கத்திலேயே மெஷினை வைத்திருக்கும் வீட்டில் அந்த உயரம் எங்கிருந்து வரும்? முதலில் ஹோஸைக் கழற்றி வால்வு வாயிலுள்ள சல்லடையைப் பாருங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் பாதி நாள் அங்கே மணல்தான் இருக்கும்.

'எல்-ஈ' (LE) வந்தாலும் இதே கதை. மோட்டார் சுற்றவில்லை என்று போர்டு நினைக்கிறது. பெல்ட் இல்லாமல் டிரம்மை நேரடியாகச் சுற்றும் மோட்டார் வைத்த மெஷினில், சுற்றுவதைப் போர்டுக்குச் சொல்லும் ஹால் சென்சரும் அதன் கனெக்டரும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

லோடை (போர்டு ஓட்டும் வால்வு, பம்ப், ஹீட்டரை) அளக்காமல் போர்டை மாற்றுவது

இதை நினைத்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும்.

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில் டாப் லோடு மெஷின். சுவிட்சைப் போட்டதுமே தண்ணீர் கொட்டுகிறது, நிற்பதில்லை என்றார். சரியாகத்தான் கண்டுபிடித்தேன்: வால்வைத் திறந்து மூடும் டிரையாக் (போர்டிலுள்ள எலக்ட்ரானிக் சுவிட்ச்) ஷார்ட், அணையவே இல்லை. போர்டின் மேல் ஜெல்லி மாதிரி சிலிக்கான் ஊற்றியிருந்தது. அதைத் தோண்டிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. 3,800 ரூபாய்க்குப் புது போர்டு வாங்கி மாட்டினேன். தண்ணீர் ஏறியது, நின்றது. டீச்சர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை போன். "தம்பி, மறுபடியும் தண்ணி நிக்கலையே."

புது போர்டிலேயே கோளாறு என்று முடிவு கட்டினேன். கடையில், மாட்டிய போர்டைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அந்த மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், அவர்கள் சொன்னது நியாயம்தான். அன்றைக்குச் சண்டை போட்டேன். கைக்காசைப் போட்டு இன்னொரு போர்டு வாங்கினேன். அது என் கண் முன்னாலேயே, இரண்டாவது தடவை தண்ணீர் பிடிக்கும்போது போனது. அதற்குப் பிறகுதான் மீட்டரை எடுத்து வால்வு காயிலை (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை) அளந்தேன். 70 ஓம். நல்ல 230 வோல்ட் வால்வு என்றால் 3,500 முதல் 4,500 ஓம் வரை காட்ட வேண்டும்.

கணக்கு எளிது. 4,000 ஓம் காயில் 60 மில்லி ஆம்பியருக்குக் குறைவாகத்தான் இழுக்கும். 70 ஓம் என்றால் 3 ஆம்பியரைத் தாண்டும். வால்வுக்கென்று போர்டில் வைத்திருக்கும் டிரையாக் பல மெஷின்களில் ஒரு ஆம்பியர்கூடத் தாங்காத சின்ன உருப்படி. அது செத்துதான் போகும். எத்தனை போர்டு மாட்டினாலும் சாகும். 350 ரூபாய் வால்வு, 7,600 ரூபாய் போர்டுகளைத் தின்றது. வால்வின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததை முதல் நாளே பார்த்தேன். பார்த்துவிட்டுத் துணியால் துடைத்தும் வைத்தேன். தண்ணீர் கசிந்து காயிலுக்குள் இறங்குகிறது என்பதற்கு அதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும்?

இதில் ஒரு சூது உண்டு. சில காயில்கள் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக அளவு காட்டும், சூடேறியதும் ஷார்ட் ஆகும். முதல் புது போர்டு ஒரு நாள் தாக்குப்பிடித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆகவே மீட்டரோடு நிற்காதீர்கள். போர்டிலிருந்து கழற்றிய வால்வை 60 வாட் குண்டு பல்புக்கு சீரிஸில் (பல்பு வழியாகவே வால்வுக்குக் கரண்ட் போகும்படி) போட்டுச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். நல்ல வால்வு 'டக்' என்று திறந்து லேசாக முனகும், பல்பு எரியாது. பல்பு எரிய ஆரம்பித்தால் வால்வு குப்பைக்கு.

மற்ற லோடுகளையும் அளந்துவிடுங்கள்: தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் பம்ப் சுமார் 150 முதல் 200 ஓம், 2,000 வாட் ஹீட்டர் சுமார் 26 ஓம். ஒவ்வொன்றையும் எர்த்துக்கும் அளக்க வேண்டும், அங்கே மீட்டர் அசையக் கூடாது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை.

வெறும் ஒயரில் வோல்டேஜ் பார்ப்பது

பம்ப் கனெக்டரைக் கழற்றிவிட்டுப் போர்டு முனையில் டிஜிட்டல் மீட்டரை வைத்தால், டிரையாக் அணைந்திருக்கும்போதும் 100, 150 என்று ஏதாவது காட்டும். "போர்டு ஷார்ட்" என்று பையன்கள் குதிப்பார்கள். டிரையாக்கோடு இணையாக இருக்கும் சின்னக் கண்டென்சர் வழியாகக் கரண்ட் கசிவதுதான் அது. லோடு மாட்டியிருக்கும்போது பாருங்கள். இல்லையென்றால் அந்த முனையில் ஒரு ஜீரோ வாட் பல்பை மாட்டுங்கள். கசிவு என்றால் மீட்டர் காட்டும் அளவு விழுந்துவிடும்.

5 வோல்ட்தானே என்று தொடுவது

பெரும்பாலான வாஷிங் மெஷின் போர்டுகளில் சிப்புக்குப் போகும் அந்த 5 வோல்ட், கரண்ட் லைனோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது. நடுவில் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 5 வோல்ட் என்பது போர்டின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் மட்டும்தான். அந்தப் புள்ளிக்கும் ஈரத் தரையில் நிற்கும் உங்களுக்கும் நடுவில் 230 இருக்கலாம். நம் வீட்டு பிளக் பாயின்டுகளில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது சகஜம். அதனால் "இது நியூட்ரல் பக்கம்" என்ற நம்பிக்கையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய 400 வோல்ட் கண்டென்சரில் மிச்சம் இருக்கும், அளந்துவிட்டுத் தொடுங்கள்.

வேரிஸ்டரை வெட்டிவிட்டு ஓட்டுவது

தெருவில் நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் வரும் நாளில், வேரிஸ்டர் என்ற, 471 என்று எழுதிய அந்தச் சில்லுதான் வெடித்து பியூஸைப் போக்கிப் போர்டைக் காப்பாற்றுகிறது. வெட்டி எடுத்தால் மெஷின் ஓடும், உண்மைதான். அடுத்த தடவை வெடிக்க அது இருக்காது, மொத்தப் போர்டும் வெடிக்கும். கடையில் கேட்டால் பத்து, இருபது ரூபாய்.

பியூஸ் இடத்தில் கம்பி

வேண்டாம்.

பல்லியைப் பார்த்ததும் போர்டை மாற்றுவது

செத்த பல்லி, எறும்புப் புற்று எல்லாம் இருந்தால் முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷ்ஷும் எடுங்கள். நன்றாகக் காயவிட்டு ஓட்டிப் பாருங்கள். ரிலே முனைகளுக்கு நடுவில் எறும்பு மாட்டியதற்கெல்லாம் புது போர்டு விற்றிருக்கிறார்கள்.

பழைய போர்டைத் தூக்கிப் போடுவது

டீச்சர் வீட்டு முதல் போர்டை ஒரு மழை நாளில் எடுத்து, மூங்கில் குச்சியால் சிலிக்கானைத் தோண்டி, 25 ரூபாய் டிரையாக் மாற்றினேன். எங்கள் வீட்டு மெஷினில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பையன் அன்று சாயங்காலமே போன் செய்தான். "அண்ணே, வால்வு 110 ஓம் காட்டுது." கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அந்த டிரையாக் உங்ககிட்ட ரெண்டு இருக்குமா?" என்று கேட்டான்.