கனடாவின் போர்த்துகீசியர்களையும் அந்நாட்டிலேயே பிறந்தவர்களையும் சென்சஸை வைத்து ஒப்பிடுவது எப்படி

போர்த்துகீசிய வம்சாவளி என்றதும் நம்மில் பலருக்கு மட்டக்களப்புப் பறங்கியர் நினைவுக்கு வரலாம். இங்கே பேசப்போவது 1953 மே மாதம் 'சாட்டர்னியா' கப்பலில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களையும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களையும் பற்றி. ரயில் பாதை போடவும் பண்ணை வேலைக்கும் ஆள் வேண்டும் என்று கனடா கேட்டது, போர்ச்சுகல் அனுப்பியது. வந்தவர்களில் பெரும்பகுதி அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளைச் சேர்ந்தவர்கள், அதிலும் சாவோ மிகேல் தீவினர். டொராண்டோவின் கென்சிங்டன் மார்க்கெட்டில் தொடங்கி டண்டாஸ் தெரு மேற்கு, பிறகு மிசிசாகா, பிராம்ப்டன் என்று நகர்ந்தார்கள்.

இவர்களுடைய படிப்பு, வேலை, வருமானம், வீடு ஆகியவற்றை 'குடியேறாதோர்' என்ற சென்சஸ் வகையோடு ஒப்பிடப் பலர் முயல்கிறார்கள். இணையத்தில் இரண்டு அட்டவணைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் ஒரு விடை வந்துவிடும். அந்த விடை பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். கூட்டல் கழித்தலில் யாரும் தவறுவதில்லை. யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் தவறுகிறார்கள். ஆகவே வேலையில் பாதி நேரம் கணக்குப் போடுவதற்கு முன்பே போய்விடும், போகவும் வேண்டும்.

முதலில் இரண்டு குழுக்களையும் பிரியுங்கள்

2021 சென்சஸில் போர்த்துகீசிய வம்சாவளி என்று எழுதியவர்கள் 4,48,310 பேர். இதில் போர்ச்சுகலில் பிறந்த தாத்தாவும் இருக்கிறார், டொராண்டோவில் பிறந்த பேத்தியும் இருக்கிறாள். பேத்தி பிறப்பால் கனடியக் குடிமகள் என்பதால் சென்சஸ் கணக்கில் அவளும் 'குடியேறாதோர்'தான். அதாவது ஒரே ஆள் இரண்டு பக்கத்திலும் எண்ணப்படுகிறாள். 'போர்த்துகீசியர்' எதிர் 'குடியேறாதோர்' என்று நேராக வைத்தால் குழுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன.

இதற்குத் தீர்வு, 'தலைமுறை நிலை' என்ற மாறியைப் பயன்படுத்துவது. முதல் தலைமுறை என்றால் கனடாவுக்கு வெளியே பிறந்தவர். இரண்டாவது என்றால் கனடாவில் பிறந்து, பெற்றோரில் ஒருவராவது வெளியே பிறந்தவர். மூன்றாவதும் அதற்கு மேலும் என்றால் தானும் பெற்றோர் இருவரும் கனடாவில் பிறந்தவர்கள். போர்த்துகீசிய முதல் தலைமுறை, போர்த்துகீசிய இரண்டாம் தலைமுறை, போர்த்துகீசியர் அல்லாத மூன்றாம் தலைமுறையினர் என்று மூன்று நிரல்களாக அட்டவணையை அமையுங்கள். ஒப்பீட்டு அடித்தளமாக மூன்றாவது நிரலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் எல்லாக் குடியேறாதோரையும் வைக்கக் கூடாது? டொராண்டோவில் குடியேறாதோரில் கணிசமானோர் சீன, இந்திய, இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள். பல்கலைக்கழகப் படிப்பில் முன்னால் நிற்பவர்கள். அவர்களைச் சேர்த்தால் 'உள்ளூர்க்காரர்' என்ற பெயரில் இன்னொரு குடியேறிய சமூகத்தோடுதான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். வின்னிபெக்கில் வேறு சிக்கல். அங்கே குடியேறாதோரில் பூர்வகுடியினர் கணிசம். அவர்களுடைய வருமானம் குறைவாக இருப்பதற்கான காரணங்கள் முற்றிலும் வேறு. அவர்களைத் தனி நிரலாக வைப்பது நேர்மையானது.

வம்சாவளியை எப்படி அடையாளம் காண்பது என்பது அடுத்த கேள்வி. குடும்பப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். பெரைரா, ஃபெர்னாண்டோ, டி சில்வா என்று தேடினால் கோவாக்காரர், மங்களூர்க்காரர், தூத்துக்குடிப் பரதவர், இலங்கையர், பிரேசிலியர் எல்லாரும் வலையில் விழுவார்கள். தாய்மொழியும் உதவாது. போர்த்துகீசியம் பேசுபவர்களில் பிரேசிலியரும் அங்கோலாக்காரரும் உண்டு. அண்மையில் வந்த பிரேசிலியர் பலர் பட்டதாரிகள் என்பதால் கல்வி விகிதம் பொய்யாக உயரும். 'காணத்தக்க சிறுபான்மையினர்' (பூர்வகுடியினர் தவிர்த்த, வெள்ளையர் அல்லாதோர்) அட்டவணைகளில் தேடிப் பயனே இல்லை. போர்த்துகீசியர் அந்த வகைக்குள் வருவதில்லை.

முதல் தலைமுறைக்குப் பிறந்த நாட்டையே எடுங்கள். இரண்டாம் தலைமுறைக்குத் தந்தை, தாய் பிறந்த நாடு கிடைத்தால் அதுவே சிறந்தது. 2001 முதல் நீள்படிவத்தில், அதாவது ஒரு பகுதி வீடுகளுக்கு மட்டும் தரப்படும் விரிவான சென்சஸ் படிவத்தில், இந்தக் கேள்வி மீண்டும் இருக்கிறது. வம்சாவளிக் கேள்வியை மட்டும் நம்பினால் ஒரு கசிவு ஏற்படும். கலப்பு மணம் செய்து, நன்றாகப் படித்து, புறநகருக்குப் போய்விட்ட குடும்பத்தின் பிள்ளைகள் 'கனடியன்' என்று மட்டும் எழுதிவிடுவது சகஜம். முன்னேறியவர்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட, மீதமிருப்பவர்களைப் பார்த்து 'முன்னேறவில்லை' என்று முடிவு கட்டுவோம். வேறு வழியில்லாமல் வம்சாவளியைத்தான் எடுக்கிறீர்கள் என்றால் 'ஒற்றை விடை', 'பல விடை' இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள். முதல் வகையில் முதியோர் அதிகம், இரண்டாவதில் இளையோர் அதிகம்.

தரவு எங்கே, எவ்வளவு நம்பலாம்

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கனடாவின் ஆயத்த அட்டவணைகளில் வம்சாவளி, தலைமுறை, வயது, நகரம், படிப்பு ஐந்தையும் ஒரே இடத்தில் குறுக்கிட்டுப் பார்ப்பது கடினம். தனிநபர் நுண்தரவுக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். 2016-க்கான கோப்பில் மக்கள்தொகையில் 2.7 விழுக்காட்டினரின் பதிவுகள் உள்ளன. ஒரு பதிவு ஏறத்தாழ 37 பேருக்குச் சமம். எடை மாறியைப் போடாமல் எண்ணிவிடாதீர்கள். இறக்கியதும் குறியீட்டுப் புத்தகத்தைத் திறந்து, போர்ச்சுகல் தனிக் குறியீடாக இருக்கிறதா, 'பிற தென் ஐரோப்பா'வுக்குள் போய்விட்டதா என்று பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

மாதிரி சிறுத்தால் பிழை பெருகும். அட்டவணையின் ஒரு கட்டத்தில் 400 பதிவுகள் இருந்து விடை 15 விழுக்காடு என்றால், கூடக் குறைய 3.5 புள்ளி. அதே விடை 40 பதிவுகளிலிருந்து வந்தால் கூடக் குறைய 11 புள்ளி. அதை வெளியிடுவதும் வெளியிடாமல் இருப்பதும் ஒன்றுதான். 100 பதிவுக்குக் கீழே உள்ள கட்டங்களை அடுத்த வயதுப் பிரிவோடு சேர்த்துவிடுவது எங்கள் வழக்கம்.

வயதைச் சமன் செய்தல்

போர்ச்சுகலில் பிறந்த கனடியர்களில் பெரும்பாலோர் 1990-க்கு முன் வந்தவர்கள். ஆகவே வயது முதிர்ந்த கூட்டம். முதியோர் பெரும்பாலான சமூகங்களில் குறைவாகப் படித்தவர்கள்தான். வயதைச் சமன் செய்யாமல் கல்வி இடைவெளியைச் சொல்வது பாதி வயதைச் சொல்வதாகும்.

செய்முறையைக் கற்பனை எண்களில் பார்ப்போம். போர்ச்சுகலில் பிறந்தவர்களில் 25–44 வயதினர் 20 விழுக்காடு, 45–64 வயதினர் 40, 65-க்கு மேல் 40. பட்டதாரிகள் முறையே 22, 12, 3 விழுக்காடு. மொத்தம் 4.4 + 4.8 + 1.2 = 10.4. ஒப்பீட்டுக் குழுவில் வயதுப் பங்கு 45, 35, 20. பட்டதாரிகள் 34, 24, 16. மொத்தம் 15.3 + 8.4 + 3.2 = 26.9. இடைவெளி 16.5 புள்ளி. இப்போது போர்த்துகீசியரின் பட்டதாரி விகிதங்களை ஒப்பீட்டுக் குழுவின் வயதுப் பங்கால் பெருக்குங்கள்: 9.9 + 4.2 + 0.6 = 14.7. இடைவெளி 12.2-ஆகச் சுருங்குகிறது. மீதி 4.3 புள்ளி வெறும் வயது.

இரண்டாம் தலைமுறைக்கு இது தலைகீழ். அவர்கள் இளையவர்கள், சமன் செய்யாவிட்டால் படிப்பு உயர்ந்தும் வருமானம் தாழ்ந்தும் தோன்றும். அவர்களுக்கு 25–44 வயதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

இடத்தையும் பூட்டுங்கள். போர்த்துகீசியரில் பெரும்பாலோர் ஒன்டாரியோவில், அதிலும் டொராண்டோப் பெருநகரில். அங்கே கூலியும் அதிகம், வீட்டு விலையும் அதிகம். நாடு முழுவதன் சராசரியோடு அவர்களை நிறுத்தினால் வசதியானவர்கள்போல் தெரிவார்கள்.

படிப்பு

சர்வாதிகாரி சலாசரின் ஆட்சிக்காலப் போர்ச்சுகலில் கட்டாயக் கல்வி முதலில் மூன்று, பின்னர் நான்கு வகுப்போடு நின்றது. ஆறு ஆண்டாக உயர்ந்தது 1964-இல். அசோர்ஸின் விவசாயக் குடும்பங்களில் அதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை. எனவே முதல் தலைமுறையை ஒரே கட்டத்தில் போடாமல், வந்தபோது இருந்த வயதை வைத்து இரண்டாக வெட்டுங்கள்: 13 வயதுக்குள் வந்தவர், அதற்குப் பின் வந்தவர். முன்னவர் கனடாவின் பள்ளியில் படித்தவர். இந்த ஒரு வெட்டு நூறு வாக்கியம் சொல்லாததைச் சொல்லும்.

அளவுகோலாகப் பல்கலைக்கழகப் பட்டத்தை மட்டும் வைப்பது இன்னொரு பொறி. பள்ளிச் சான்றிதழே இல்லாதவர், பள்ளி முடித்தவர், தொழிற்பயிற்சிச் சான்றிதழ், கல்லூரி டிப்ளமா, பட்டம் என்று ஐந்து படிகளையும் காட்டுங்கள். தச்சு, மின்வேலை, குழாய்வேலை என்று பயிற்சிச் சான்றிதழ் பெற்றவரைப் 'பட்டம் இல்லாதவர்' என்ற மூட்டையில் கட்டினால் அடுத்து வரும் வருமான எண்கள் புரியாது.

டொராண்டோப் பள்ளிகளில் போர்த்துகீசியப் பிள்ளைகளின் இடைநிற்றல் நீண்ட காலமாகப் பேசப்படும் விஷயம். அதற்குப் 'படிப்பில் ஆர்வமில்லாத சமூகம்' என்று காரணம் எழுதுபவர்கள் இரண்டைக் கவனிப்பதில்லை. ஒன்று, ஒன்டாரியோவின் பழைய முறையில் பிள்ளைகளைச் சீக்கிரமே தாழ்ந்த பாடப்பிரிவுக்குத் தள்ளிவிடும் வழக்கம். மற்றது, அப்பாவும் மாமாவும் கட்டுமானத்தில் தொழிற்சங்கக் கூலி வாங்கும் வீட்டில் 18 வயதுப் பையனுக்குக் கையில் வரும் காசு. இரண்டுமே சென்சஸில் தெரியாது. எண்களுக்குப் பொருள் சொல்லும்போது இவை மனதில் இருக்கட்டும்.

வேலையும் வருமானமும்

ஆண்களையும் பெண்களையும் பிரிக்காமல் இந்தப் பகுதியைத் தொடாதீர்கள். முதல் தலைமுறை ஆண்கள் கட்டுமானத்தில் குவிந்திருக்கிறார்கள். பெண்கள் அலுவலகத் துப்புரவிலும் தொழிற்சாலையிலும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அது யாருடைய வருமானமும் அல்ல. கூட்டிவகுத்த சராசரியைக் காட்டிலும் இடைநிலை அளவு, அதாவது வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம், பாதுகாப்பானது.

இங்கே பலர் விழும் குழி 'முழு ஆண்டு, முழு நேரம்' என்ற வடிகட்டி. சென்சஸில் இதன் பொருள் ஆண்டில் 49 முதல் 52 வாரம், வாரத்துக்கு 30 மணி அல்லது மேல். ஒப்பீடு சுத்தமாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான் போடுகிறார்கள். ஆனால் டொராண்டோவில் கான்கிரீட் போடுபவருக்கும் தார் போடுபவருக்கும் பனிக்காலத்தில் வேலை கிடையாது; வேலையில்லாக் காப்பீட்டில் இருப்பார். 40 வாரம் உழைத்து நல்ல கூலி வாங்கியவர் வடிகட்டியில் தங்காமல் போய்விடுவார். வேலை செய்த வாரங்களைத் தனி நிரலாகக் காட்டி, ஆண்டு வருமானத்தை எல்லா உழைப்பாளிகளுக்கும் கணக்கிடுங்கள். வடிகட்டிய எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்பதே ஒரு செய்தி.

பிறகு ஒரே படிப்புள்ளவர்களை மட்டும் ஒப்பிடுங்கள். பள்ளி முடிக்காத போர்த்துகீசிய ஆணையும் பள்ளி முடிக்காத மூன்றாம் தலைமுறை ஆணையும் நிறுத்தினால் என்ன வருகிறது? மொத்த இடைவெளியில் படிப்பு எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்பது இங்கே தெரியும். இதைப் பெண்களுக்குத் தனியாகச் செய்யுங்கள்; விடை ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டுக்குள் போகும்போது கவனம்

குடும்ப வருமானத்தை அப்படியே ஒப்பிட்டால் போர்த்துகீசியக் குடும்பங்கள் செழிப்பாகத் தெரியலாம். அப்பா, அம்மா, சம்பாதிக்கும் இரண்டு பிள்ளைகள், சில வீட்டில் பாட்டியும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கனடா செய்வதுபோல வருமானத்தை ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். நான்கு பேர் வீட்டில் 1,20,000 டாலர் என்றால் இரண்டால் வகுத்து 60,000. இரண்டு பேர் வீட்டில் 85,000 என்றால் 1.41-ஆல் வகுத்து அதே 60,000 அளவுதான். 35,000 டாலர் வித்தியாசம் காணாமல் போகிறது.

சொந்த வீடு பற்றிய கணக்கில் ஆட்களை எண்ணாதீர்கள், வீடுகளை எண்ணுங்கள். சொந்த வீட்டில் வாழும் 28 வயது மகனும் 'சொந்த வீட்டில் வசிப்பவர்' என்று வந்துவிடுவான். வீட்டுச் செலவைப் பொறுப்பேற்பவர் என்று பதிவானவரை மட்டும் எடுங்கள். அடமானக் கடன் இருக்கிறதா என்பதையும் பிரியுங்கள். குறைந்த படிப்பும் உயர்ந்த வீட்டுரிமையும் ஒரே குழுவில் சேர்ந்து வந்தால் பதற வேண்டாம். மாடியையும் நிலவறையையும் வாடகைக்கு விட்டுக் கடனை அடைத்த தலைமுறை அது. சொத்து மதிப்பு முழுவதும் சென்சஸில் இல்லை என்பதால் 'பணக்காரர்', 'ஏழை' என்ற சொற்களை இந்தத் தரவை வைத்து எழுதாதீர்கள்.

ஆண்டுகளைக் கடந்து ஒப்பிட்டால்

2016-இல் போர்த்துகீசிய வம்சாவளியினர் 4,82,610, 2021-இல் 4,48,310. சமூகம் சுருங்கிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். 2016 படிவத்தில் வம்சாவளிக் கேள்விக்குக் கீழே எடுத்துக்காட்டுப் பட்டியல் இருந்தது, 2021-இல் அதை நீக்கிவிட்டார்கள். 2011-இல் நீள்படிவமே கட்டாயமில்லாத தனிக் கணக்கெடுப்பாக நடந்தது. போக்கு வரைபடத்தில் அந்தப் புள்ளியைச் சேர்க்காமல் விடுவது நல்லது.

வருமானம் எப்போதும் முந்தைய ஆண்டுக்கானது. 2021 சென்சஸின் வருமானம் 2020-ஆம் ஆண்டுடையது, அதாவது கொரோனா உதவித்தொகை வந்த ஆண்டு. வேலை இழந்த துப்புரவுப் பெண்ணின் மொத்த வருமானம் அந்த ஆண்டு கூடியும் இருக்கலாம். உழைப்பு வருமானத்தையும் அரசு உதவியையும் பிரித்துக் காட்டாமல் 'வறுமை குறைந்தது' என்று சொல்ல முடியாது. தொழில் வகைப்பாடும் 2021-இல் மாறியது. பழைய திறன் நிலைகளை அப்படியே ஒட்டவைக்காதீர்கள்.

இதே முறையை வேறு நாட்டில் பயன்படுத்த விரும்பினால் தரவு அனுமதிக்கிறதா என்று பாருங்கள். போர்த்துகீசியர் அதிகம் வாழும் அமெரிக்காவின் ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்டு பகுதிகளுக்கு அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பில் வம்சாவளி உண்டு, பெற்றோர் பிறந்த நாடு கிடையாது. அதனால் இரண்டாம் தலைமுறையைத் தனியே பிரிக்க முடியாது. லக்சம்பர்க்கில் பல அட்டவணைகள் குடியுரிமைப்படி. குடியுரிமை பெற்ற போர்த்துகீசியர் அன்றோடு 'லக்சம்பர்கர்' நிரலுக்குப் போய்விடுவார்.