முழங்காலுக்கு ஸ்கேன் பார்த்துப் போடும் ஊசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்கால் ஜவ்வில், அதாவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில், காயம் என்று தெரிந்தவுடன், ஸ்கேன் பார்த்துப் போடும் ஊசியைப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அல்ட்ராசவுண்ட் கருவி ஊசியைச் சரியான இடத்தில் சேர்க்க உதவுகிறது. அங்கே இறங்கும் மருந்து பலன் தருமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதிலிருந்துதான் மற்ற தவறுகள் பலவும் பிறக்கின்றன.

முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் காலைச் சற்றே மடக்கி, முழங்கால் சில்லுக்கு மேலே கருவியை வைத்தால், மூட்டுறையில் தேங்கிய நீர் திரையில் கரும்பட்டையாகத் தெரியும். வெளிப்பக்கத்திலிருந்து நுழையும் ஊசி வெண்கோடாக அந்தப் பட்டைக்குள் செல்வதையும், மருந்து இறங்க இறங்கப் பட்டை விரிவதையும் மருத்துவர் கண்ணால் பார்க்கலாம். பருமனான கால்களிலும் நீர் குறைவாக உள்ள மூட்டுகளிலும் இது பெரிய உதவி; கையால் தடவிப் பார்த்து மட்டும் போடும் ஊசி சில வேளைகளில் மூட்டுக்கு வெளியே கொழுப்பில் இறங்கிவிடுவதுண்டு.

ஆனால் அல்ட்ராசவுண்ட் கருவியின் ஒலியலைகள் எலும்பை ஊடுருவாதவை என்பதால், உடல் எடையைத் தாங்கும் குருத்தெலும்புப் பரப்பின் பெரும்பகுதி திரையில் தெரியாது. ஊசிக்காகப் பார்த்த ஸ்கேனையே நோயறிதலாக எடுத்துக்கொள்வது தவறு. காயத்தின் ஆழத்தை அறிய எம்.ஆர்.ஐ. வேண்டும். குறிப்பாக, கால் மடங்கிய நிலையில் திடீரெனப் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போகிறதென்றால், கிழிந்த துணுக்கு மூட்டுக்குள் சிக்கியிருக்கக்கூடும். அதை எந்த ஊசியாலும் விடுவிக்க முடியாது. எலும்பு மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

அடுத்தது, வலி குறைந்ததைக் காயம் ஆறியதாகக் கொள்வது. குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அது தானாக ஆறுவது அரிது. ஸ்டீராய்டு ஊசி மூட்டுறையின் அழற்சியைத் தணிக்கிறதே தவிர, தேய்ந்ததை வளர்ப்பதில்லை. 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மூட்டுத் தேய்மானம் உள்ள 140 பேரில் ஒரு பிரிவினருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி. டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத உப்புநீர் ஊசியும் இரண்டு ஆண்டுகள் போடப்பட்டன. ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்பு அதிகமாகத் தேய்ந்திருந்தது. வலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கடும் வலிக்கு எப்போதாவது ஒன்று போடுவதில் நியாயம் உண்டு. வலிக்கும்போதெல்லாம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதில் இல்லை.

பி.ஆர்.பி. ஊசி (ரத்தத் தட்டணுக்கள் செறிந்த திரவம்) நம் ரத்தத்திலிருந்தே எடுக்கப்படுவதால் நிச்சயம் பலன் தரும் என்ற எண்ணத்துக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, அது உப்புநீர் ஊசியைவிட மேலானதாக இல்லை. வேறு சில ஆய்வுகள் சாதகமாக இருந்தாலும், கடன் வாங்கிச் செலவழிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்கலாம்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, முழங்காலுக்கான அந்தச் சிகிச்சையை முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அளிக்கக் கூடாது.

சர்க்கரை நோயாளிகள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. சில நாட்களுக்குச் சர்க்கரை அளவு ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை திட்டமிடப்பட்டிருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் ஸ்டீராய்டு ஊசியைத் தவிர்ப்பது வழக்கம். கிருமித் தொற்றுக்கான வாய்ப்பு கூடும் என்பதே காரணம்.

ஊசி போட்ட இடத்தில் ஓரிரு நாள் வலி இருப்பது இயல்பு. ஆனால் காய்ச்சலுடன் மூட்டு சிவந்து, வீங்கி, காலை அசைக்கவே முடியாதபடி வலி ஏறினால், வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும்.