எக்செல் பட்டியல் துண்டாகாமல் அச்சாக

சம்பளப் பட்டியலை மாதந்தோறும் அச்செடுப்பவள் நான். கடைசி நெடுவரிசை மட்டும் தனித்தாளில் போய் விழுந்தால் எனக்கு மனசே ஆறாது.

முதலில் அச்சிடப்போகும் பிரிண்டரைத் தேர்ந்தெடுங்கள். பக்கம் எங்கே முறியும் என்பதை எக்செல் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அப்புறம் ‘பேஜ் லேஅவுட்’டில் தாள் ஏ4 தானா என்று பாருங்கள். லெட்டர் என்றிருந்தால் மாற்றுங்கள். அது ஏ4-ஐவிட 6 மில்லிமீட்டர் அகலம் கூட, 18 மில்லிமீட்டர் உயரம் குறைவு.

அங்கேயே ‘விட்த்’தை 1 பேஜ் ஆக்குங்கள். ‘ஹைட்’ ஆட்டோமேட்டிக்காகவே இருக்கட்டும். அதையும் 1 ஆக்கினால், பட்டியலில் 200 வரிகள் இருந்தால் அத்தனையும் எறும்பு எழுத்தாகிவிடும். படிப்பவர் கண் பாவம்.

‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ஸில் $1:$1 (அதாவது முதல் வரி) கொடுத்தால் தலைப்பு வரி எல்லாப் பக்கத்திலும் வரும். சரி, இனி கன்ட்ரோல்+பி. முன்னோட்டத்தில் பக்க எண்ணிக்கையைப் பார்த்துவிட்டே அச்சிடுங்கள்.