ஒரு வாளித் தண்ணீரில் லெட்டூஸ்: ஆழ்நீர் வளர்ப்பைத் தொடங்குவது எப்படி?

மண் இல்லாமல் செடி வளர்க்கப் பல வழிகள் உண்டு. முதல்முறை முயல்பவர்களுக்கு நான் சொல்வது ஆழ்நீர் வளர்ப்பைத்தான். டீப் வாட்டர் கல்ச்சர் என்பார்கள். செடி வாளியின் மூடியில் நிற்கும், வேர் உள்ளே சத்துநீரில் தொங்கும், ஒரு சின்ன பம்ப் இரவும் பகலும் அந்த நீருக்குள் காற்றைக் குமிழவிட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் காற்றை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றினால் அழுகுகிறதே, ஏன்? மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்று வெளியேறி, வேர் மூச்சுவிட வழியில்லாமல் போகிறது. வாளியில் வேர் எப்போதும் தண்ணீரிலேயே கிடப்பதால், அதற்கு வேண்டிய ஆக்சிஜனை நாம்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் நாற்று

வாளி வாங்கும் முன்பே விதை போட்டுவிடுங்கள். ஈரமான ஸ்பாஞ்ச் துண்டின் கீறலில் ஒன்றிரண்டு லெட்டூஸ் விதைகளை மேலாக வையுங்கள். லெட்டூஸ் விதை முளைக்க வெளிச்சம் உதவும், அதனால் ஆழமாகப் புதைக்க வேண்டாம். அறை மிகவும் சூடாக இருந்தாலும் சரியாக முளைக்காது. மூன்று நான்கு இலைகள் வந்து, வேர் ஸ்பாஞ்சுக்கு வெளியே எட்டிப்பார்க்க இரண்டு மூன்று வாரம் ஆகும்.

வாளி

மூடியுள்ள 15 முதல் 20 லிட்டர் வாளி போதும். வெளிச்சம் ஊடுருவக் கூடாது. உள்ளே வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். வெளிர்நிற வாளிதான் இருக்கிறது என்றால் வெளிப்புறம் கறுப்புப் பெயின்ட் அடியுங்கள். செடியைத் தாங்குவது நெட் பாட், அதாவது பக்கமெல்லாம் ஓட்டையுள்ள சின்ன பிளாஸ்டிக் தொட்டி. மூடியில் அதன் விளிம்பைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டால் பாட் நழுவாமல் தொங்கும். முதல் தடவை ஒரு வாளிக்கு ஒன்று அல்லது இரண்டு செடி வையுங்கள்.

மீன் தொட்டிக்குப் போடும் ஏர் பம்பும், காற்றைச் சின்னக் குமிழ்களாகப் பிரிக்கும் ஏர் ஸ்டோனுமே இதற்கும் போதும். பம்பை வாளியின் நீர்மட்டத்தைவிட உயரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் குழாயில் தண்ணீரைத் திரும்பவிடாத செக் வால்வு போடுங்கள். மின்சாரம் நின்றால் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்து பம்பைக் கெடுத்துவிடும்.

கரைசல்

ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே, அதாவது மண்ணில்லா வளர்ப்புக்கென்றே வரும் ஏ, பி என்ற இரண்டு பாட்டில் சத்தை வாங்குங்கள். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. ஒன்றில் இருக்கும் கால்சியமும் மற்றதில் இருக்கும் சல்பேட், பாஸ்பேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. வாளித் தண்ணீரில் முதலில் ஏ-யை ஊற்றிக் கலக்குங்கள், அப்புறம் பி.

நாற்றுக்குப் பாட்டிலில் சொல்லியிருப்பதில் பாதி அளவு போதும். நீரில் கரைந்த சத்தின் அடர்த்தியைக் காட்டும் இசி மீட்டர் இருந்தால் 0.8 மில்லிசீமன்ஸில் தொடங்கி, செடி வளர வளர 1.2 வரை ஏற்றலாம். பிஎச்சை, அதாவது நீரின் அமில-கார அளவை, சத்து கலந்த பிறகுதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் சத்தே அதை மாற்றும். 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். அதைத் தாண்டி ஏறினால் நீரில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாமல், புது இலைகள் மஞ்சளாகும்.

நடுவது

ஸ்பாஞ்சோடு நாற்றை நெட் பாட்டுக்குள் வைத்து, சுற்றிலும் கழுவிய சுட்ட களிமண் உருண்டைகளை நிரப்புங்கள். முதல் வாரம் நீர், பாட்டின் அடியைத் தொட்டபடி இருக்க வேண்டும். வேர் நன்றாகத் தொங்க ஆரம்பித்ததும் மட்டத்தை 3, 4 செ.மீ. இறக்குங்கள். அந்த இடைவெளியில் இருக்கும் வேர் காற்றை நேரடியாக எடுத்துக்கொள்ளும். மின்சாரம் போகும் நேரத்தில் செடியைத் தாங்குவதும் இதுதான்.

வெப்பத்தைக் கவனியுங்கள்

புதியவர்கள் பலர் தவறவிடும் இடம் இது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 தான். அதே வெப்பத்தில் வேருக்கு ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது, வேரழுகலை உண்டாக்கும் பித்தியம் போன்ற கிருமிகளும் பெருகுகின்றன. என் முதல் வாளியை வெயில் படும் தரையில் வைத்திருந்தேன். வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் செடி வாடியது. மூடியைத் திறந்தபோது வேர் பழுப்பாக, கொழகொழவென்று நாறியது. அன்றிலிருந்து இலையைப் பார்ப்பதற்கு முன் வேரைப் பார்க்கிறேன். வேர் வெள்ளையாக, வாடையில்லாமல் இருந்தால் நல்லது.

நீர் 18 முதல் 22 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. வாளியை நிழலில் வைத்து, தெர்மாகோல் சுற்றி, தரைச்சூடு ஏறாமல் ஒரு பலகைமேல் நிறுத்துங்கள். செடியின் மேற்பகுதிக்கு மட்டும் வெளிச்சம் வேண்டும். விளக்கில் வளர்த்தால் தினம் 12 முதல் 14 மணி நேரம்.

அப்புறம்

நீர் குறையும்போது வெறும் தண்ணீரை ஊற்றுங்கள். செடி சத்தைவிட நீரை வேகமாகக் குடித்திருந்தால் மீதிக் கரைசல் அடர்த்தியாகியிருக்கும், மறுபடி சத்து சேர்த்தால் இலை நுனி கருகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள். பழைய கரைசலை மண் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றலாம்.

நட்டு நான்கைந்து வாரத்தில் வெளி இலைகளைப் பறிக்கத் தொடங்கலாம். நடுக்குருத்தை விட்டுவைத்தால் அது மேலும் சில தடவை இலை தரும். அந்தச் சமயத்திலேயே அடுத்த விதையை ஸ்பாஞ்சில் போட்டு வையுங்கள்.