சிறு குழந்தைகளுடன் ஏலகிரியில் ஓர் இரவு: கூடாரத்தில் தங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சிறு குழந்தைகளை அழைத்துக்கொண்டு முதன்முறையாகக் கூடாரத்தில் தங்க நினைக்கும் குடும்பத்துக்கு நான் சொல்லும் இடம் ஏலகிரிதான். கொடைக்கானலும் ஊட்டியும் அழகில் குறைந்தவை அல்ல. ஆனால் அவை 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கின்றன. அங்கே இரவுக் குளிரைப் பெரியவர்களே தாங்கிக்கொள்ளச் சிரமப்படுவார்கள். திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள ஏலகிரியின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்று அதிகம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்பதால், சமவெளியில் இருப்பதைவிட இதமான குளிர் கிடைக்கும். நடுக்கும் குளிர் இராது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றிரவே மலையிறங்கி விடலாம் என்பதும் முக்கியமான காரணம். முதல் தடவை ஓர் இரவு மட்டும் தங்குவதே போதும். இரண்டாம் இரவை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுடன் கூடாரத்தில் தங்குவது நல்லபடியாக அமைவது பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட நேரத்தை நாம் எப்படிக் கையாளுகிறோம் என்பதைப் பொறுத்தது. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்து, ஆறரைக்குள் நன்றாக இருட்டிவிடும். இருட்டிய பிறகு கூடாரம் கட்டுவது, அடுப்பு மூட்டுவது, பையைக் கவிழ்த்து ஸ்வெட்டர் தேடுவது ஆகிய எதுவும், பசித்துத் தூக்கம் வந்து அழுகிற மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலைகள் அல்ல. ஆகவே, வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பதிலிருந்தே மற்றத் திட்டங்களை வகுத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, அதாவது டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை உகந்த காலம். மார்ச் முதல் புல்லெல்லாம் காய்ந்து காட்டுத்தீ அபாயம் வந்துவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்து இடிமழையும் உண்டு. இடி இடிக்கும்போது கூடாரம் எந்தப் பாதுகாப்பும் தராது. கட்டடத்துக்குள்ளோ, கதவுகளை மூடிய காருக்குள்ளோதான் இருக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவிடுவது வீண்போகாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். அதனால் கூடாரம் போட அனுமதிக்கும் தனியார் தோட்டங்களிலோ விடுதி வளாகங்களிலோ தங்குவதே முறை. முன்பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கழிப்பறை கூடாரத்திலிருந்து எத்தனை தப்படி தூரம்? இரவு முழுவதும் அங்கே விளக்கு எரியுமா? காரைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாமா? சனிக்கிழமை இரவில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடுவார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நள்ளிரவு வரை பாட்டு அலறும் இடத்தில் எந்தக் குழந்தையும் தூங்காது. முடிந்தால் வார நாளில் செல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வளாகத்துக்குள் திறந்த கிணறோ, குட்டையோ, வேலியில்லாத நீச்சல் குளமோ இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். பாம்பையும் விலங்குகளையும் நினைத்து அஞ்சுகிற பெற்றோர், பத்தடி தூரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாமல் கிடக்கும் கிணற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டு மொட்டை மாடியிலோ கூடத்திலோ கூடாரத்தை விரித்து, பிள்ளைகளை அதில் ஓர் இரவு படுக்க வையுங்கள். ஜிப்பைத் தானே திறந்து மூடவும், செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழையவும், டார்ச்சை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் குழந்தைக்கு அந்த ஓர் இரவு உதவும். நான்கு பேருக்கானது என்று விற்கப்படும் கூடாரத்தில் இரண்டு பெரியவர்களும் இரண்டு சிறுவர்களும் நெருக்கிப் படுக்கலாம், பைகளுக்கு இடமிருக்காது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால், தாயும் குழந்தையும் அதே வளாகத்தில் ஓர் அறையில் தங்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. கைக்குழந்தையின் முகத்தைப் போர்வை மூடிவிடாமல் இரவெல்லாம் கவனிப்பது கூடாரத்துக்குள் எளிதல்ல.

சென்னையிலிருந்து வருபவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டால், வழியில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்குள் மலை மேல் இருக்கலாம். ஜோலார்பேட்டையை அடுத்த பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குழந்தைக்கு வாந்தி வருவது இங்கேதான். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கொடுக்காமல், இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, கண்ணாடியைச் சற்று இறக்கி, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வளைவுகளுக்குத் திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், ஔவையார் என்று புலவர் பெயர்களும், பாரி, ஓரி, பேகன் என்று வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. அடுத்த பலகையை யார் முதலில் பார்ப்பது என்று விளையாட்டாக ஆக்கிவிட்டால், பிள்ளைகளின் கண் தானாகவே வெளியே நிற்கும். வாந்தியைத் தடுக்க வேண்டியதும் அதுதான். வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். கையில் பொட்டலம் வைத்திருக்கும் குழந்தையைத்தான் அவை முதலில் நெருங்கும்.

இடத்துக்குச் சென்றவுடன், வேறு எதையும் தொடங்குவதற்கு முன், கூடாரத்தைக் கட்டி முடியுங்கள். தரை சற்று மேடாக இருக்க வேண்டும். ஓடைப் படுகையும் மழைநீர் தேங்கும் பள்ளமும் ஆகாது. தலைக்கு மேலே பட்ட கிளை உள்ள மரமோ தென்னையோ இருக்கக் கூடாது. கல்லையும் முள்ளையும் பிள்ளைகளை விட்டே பொறுக்கச் சொல்லலாம். அந்த வேலையை அவர்கள் மிக ஆர்வமாகச் செய்வார்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மழை பெய்யும்போது அதில் விழும் நீர் வழிந்து நேராகப் படுக்கைக்கு அடியில் வந்து நிற்கும். ஆகவே, நீட்டியிருக்கும் பகுதியை உட்புறமாக மடித்துவிடுங்கள். முளைகளை நேராக அடிக்காமல், தலைப்பகுதி கூடாரத்தை விட்டு வெளிப்புறம் சாய்ந்திருக்கும்படி அடித்தால் காற்று இழுத்தாலும் பிடுங்கிக்கொண்டு வராது. ஓடி விளையாடும் பிள்ளைகள் கால் தடுக்கி விழுவது பெரும்பாலும் கட்டிய கயிற்றில்தான் என்பதால், ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு வெள்ளைத் துணித்துண்டை முடிந்துவிடுங்கள். வாசல், கழிப்பறை இருக்கும் திசையைப் பார்த்து இருக்கட்டும்.

பெரிய சமையலுக்கு ஆசைப்பட வேண்டாம். மதியத்துக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வீட்டிலிருந்தே வரலாம். இரவுக்கு ரவை உப்புமாவோ பருப்புக் கஞ்சியோ அங்கே வைத்தால் போதும். வெறும் சோற்றைக் காலையில் வடித்து இரவு வரை வைத்திருப்பது கூடாது; வெதுவெதுப்பிலேயே கிடக்கும் சோற்றில் கிருமி பெருகி வயிற்றைக் கெடுக்கும். குடிநீருக்கு 20 லிட்டர் கேன் ஒன்றை எடுத்துச்செல்லுங்கள். கை கழுவவும் பாத்திரம் துலக்கவும் அங்குள்ள நீரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஐந்தரை மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து ஆறரைக்குள் குழந்தைகளைச் சாப்பிட வைத்துவிட்டால், அதன் பிறகு பெரியவர்கள் அமைதியாகச் சாப்பிட நேரம் கிடைக்கும்.

வளாகத்தில் தீ மூட்ட அனுமதித்தால், கூடாரத்திலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி, காற்று கூடாரத்தின் பக்கம் வீசாத இடமாகப் பார்த்து மூட்டுங்கள். நைலான் துணியில் ஒரு பொறி பட்டாலே ஓட்டை விழுந்துவிடும். ஒரு பெரியவர் தீயின் அருகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு வேலை அவருக்கு வேண்டாம். படுக்கப் போகும்போது மண்ணைப் போட்டு மூடுவது தவறு. மண்ணுக்கு அடியில் கங்கு விடியும் வரை கனன்றுகொண்டிருக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடி வரும் குழந்தையின் பாதம் பொசுங்கிவிடும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பல் கைக்குக் குளிர்ந்த பிறகுதான் நகர வேண்டும். எவ்வளவு குளிராக இருந்தாலும் கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கொசுவத்திச் சுருளையும் வெளியிலேயே ஏற்றுங்கள்.

குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகமாக ஏறும். அதனால் போர்வைகளை மேலே அடுக்குவதற்குப் பதிலாகக் கீழே கவனம் செலுத்துங்கள். முதலில் ஃபோம் மெத்தை, அதன் மேல் கோரைப்பாய், அதற்கும் மேல் ஜமக்காளம் என்று விரித்தால் ஏலகிரியின் ஜனவரிக் குளிருக்குப் போதும். பகல் முழுவதும் ஓடி வியர்த்த உடையிலேயே குழந்தையைத் தூங்க வைக்காமல், உள்ளாடை முதற்கொண்டு உலர்ந்ததாக மாற்றி, காலுறையும் குல்லாவும் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு குழந்தையின் இரவு உடையையும் தனித்தனிப் பையில் கட்டி, கூடாரம் எழும்பியவுடனேயே அவரவர் தலைமாட்டில் வைத்துவிட்டால் இருட்டில் தேட வேண்டியிராது. வீட்டில் கட்டிக்கொண்டு தூங்கும் பழைய போர்வையோ பொம்மையோ இருந்தால், வேறு எதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள்.

நள்ளிரவுக்கு மேல் ஏதேனும் ஒரு குழந்தை சிறுநீர் கழிக்க எழுந்தே தீரும். படுப்பதற்கு முன்பே, இருட்டிய பிறகு ஒருமுறை, குழந்தையைக் கையைப் பிடித்துக் கழிப்பறை வரை நடத்திச்சென்று திரும்புங்கள்; இரவில் அந்த வழி அதற்குப் புதிதாக இருக்காது. திரும்பும்போது டார்ச்சை அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் வானத்தைக் காட்டுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் எட்டு மணியளவில் கொத்தாக மின்னும் கார்த்திகையும், அதற்கு அருகில் செம்மஞ்சளாக ரோகிணியும், கிழக்கே சிவந்த திருவாதிரையும் வெறும் கண்ணுக்கே தெரியும். இந்த நட்சத்திரங்களில் பிறந்தவர் வீட்டில் யாராவது இருந்தால் பிள்ளைகள் அதைக் கேட்டு அடையும் மகிழ்ச்சி பெரிது. இருட்டைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு நான் அறிந்த வரையில் இதைவிட நல்ல மருந்து இல்லை.

பாம்பைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்தில் கடிப்பது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது, அடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். ஆகவே குழந்தைகளைத் திறந்த வெளியில் பாய் விரித்துத் தூங்க வைக்காதீர்கள். தரைவிரிப்போடு சேர்த்துத் தைத்த கூடாரமாக வாங்கி, மாலையிலிருந்தே ஜிப்பை முழுவதுமாக மூடி வையுங்கள். செருப்பையும் ஷூவையும் காலையில் உதறிவிட்டே போட வேண்டும். விடியற்காலையில் குழந்தை காரணமில்லாமல் கடும் வயிற்றுவலி என்றாலோ, இமை தொங்கினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, கடித்ததைப் பார்க்காவிட்டாலும் உடனே 108-ஐ அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறி உறிஞ்சுவதும், நாட்டு மருந்துக்காக நேரம் கடத்துவதும் கூடாது. கை அல்லது காலை அசையாமல் வைத்து, குழந்தையை நடக்க விடாமல் தூக்கிச்செல்ல வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்துதான் என்பதால், கடித்த பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை.

மருந்துப் பெட்டியில் பாராசிட்டமால் சிரப்பை வைக்கும்போது அதன் வீரியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு வகை கடையில் கிடைக்கிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் வகையில் சுமார் 6 மில்லியும், இரண்டாம் வகையில் 3 மில்லியும்தான் தேவை. நடுராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் இந்தக் கணக்கைப் போடாமல், வீட்டிலேயே குழந்தைகள் நல மருத்துவரிடம் உறுதிசெய்து பாட்டிலின் மேல் அளவை எழுதி ஒட்டிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். நீரைக் குறைத்தால் தீங்கு. கட்டுத்துணி, கிருமிநாசினி, முள் எடுக்கும் இடுக்கி, குழந்தை வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மருந்துகள் ஆகியவை போதும்.

காலையில் அவசரப்பட்டுப் பொருள்களை மூட்டை கட்டாமல், வெயில் ஏறிக் கூடாரத்தின் ஈரம் உலரும் வரை புங்கனூர் ஏரிக்கரைக்குப் போய் வாருங்கள். உணவுப் பொருள்களைக் கூடாரத்தில் விட்டுவிடாமல் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். ஈரத்தோடு சுருட்டிய கூடாரத்தை வீட்டுக்கு வந்ததும் மாடியில் விரித்து உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

வீடு திரும்பிய அன்றே குழந்தைகளைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், தொப்புள் ஆகிய இடங்களில் உண்ணி ஏதும் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். உடுத்திய துணிகளையெல்லாம் வெந்நீரில் அலசிவிடுங்கள். அடுத்த மூன்று வாரங்களுக்குள் யாருக்காவது விடாத காய்ச்சல் வந்தால், புல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்கிய செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருப்பத்தூரை உள்ளடக்கிய பழைய வேலூர் மாவட்டப் பகுதிகளில் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் குளிர்காலத்தில் காணப்படுவதுண்டு. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு ஒன்று வலியின்றி இருக்கும். அதைக் காட்டிவிட்டால் மருத்துவர் உரிய மருந்தை உடனே தொடங்கிவிடுவார். காலத்தில் தொடங்கினால் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டொரு நாளில் இறங்கிவிடும்.